திமூர்: ஓர் இரும்புப் பெயரின் வரலாறு

1404 செப்டம்பரில், மத்திய ஆசியாவில் திமூர் ஆண்ட சமர்கண்ட் நகருக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு தூதுக்குழு வந்து சேர்ந்தது. காஸ்தீலிய மன்னர் மூன்றாம் என்ரிக்கே அனுப்பிய குழு. அதன் முதன்மையானவரான ருய் கொன்சாலெஸ் தே கிளாவிஹோ கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். தோட்டங்களில் அடித்திருந்த பட்டுக் கூடாரங்கள், விருந்தில் குவியல் குவியலாக வந்த குதிரை இறைச்சி, தில்லியிலிருந்து ஓட்டிவரப்பட்ட யானைகள் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் குறிப்புகளுக்கு நடுவே தம் ஊர்க்காரர்களுக்கு ஒரு திருத்தமும் சொல்கிறார். நாம் இந்த அரசரைத் ‘தமொர்லான்’ என்கிறோமே, அது அவருடைய பெயர் அல்ல. அவர் பெயர் ‘தமுர்பெக்’. அவர்கள் மொழியில் அதற்கு இரும்பின் தலைவன் என்று பொருள். ‘தமொர்லான்’ என்பதோ அவரை இழிவுபடுத்துவதற்காகச் சொல்வது, உடல் ஊனத்தைக் குத்திக்காட்டுவது.

ஐரோப்பா இந்தத் திருத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 600 ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே அவர் டாமர்லேன்தான். ஆனால் ஒரு பெயருக்குள் இரண்டு பொருள்கள் மோதுவதை, அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு இருந்தபோதே, அவருடைய அரண்மனைக்குப் போய்க் கேட்டு எழுதியவர் கிளாவிஹோ. மத்திய ஆசியாவில் இன்றும் ஆண் குழந்தைகளுக்குச் சூட்டப்படும் திமூர் என்ற பெயரைப் பற்றிப் பேச அவரிடமிருந்து தொடங்குவதே சரி.

நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அவர் ‘தைமூர்’. 1398இல் தில்லியைச் சூறையாடியவர் என்ற ஒற்றை வரியோடு வந்துபோகிறவர். அதே பெயர் கசகஸ்தானில் திமூர், உஸ்பெகிஸ்தானில் தெமூர், கிர்கிஸ்தானில் தெமிர், உய்குர் மக்களிடம் தொமுர், அசர்பைஜானில் தெய்மூர். எழுத்தில் ஏன் இத்தனை வேற்றுமை என்பதற்குப் பிறகு வருகிறேன். பொருளில் வேற்றுமை கிடையாது. எல்லாம் இரும்புதான்.

கசக், கிர்கிஸ், உஸ்பெக் மொழிகளில் இரும்பு ‘தெமிர்’. தாதாரில் ‘திமெர்’. சைபீரியாவின் வடகோடியில் யாகுட் மக்கள் ‘திமிர்’ என்கிறார்கள். (நம் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்கும், தொடர்பு ஒன்றும் இல்லை.) மேற்கே துருக்கியிலும் அசர்பைஜானிலும் முதல் எழுத்து மென்மையாகி ‘தெமிர்’ என்பதன் தகரம் அழுத்தம் குறைந்து ஒலிக்கிறது. ஏழு முறை துருக்கியின் பிரதமராகப் பதவியேற்ற சுலைமான் தெமிரெலின் குடும்பப் பெயர் ‘இரும்புக் கை’. மங்கோலியத்தில் ‘தொமொர்’. இந்தச் சொல் துருக்கி மொழிகளிலிருந்து (கசக் முதல் யாகுட் வரை மேலே சொன்ன மொழிகளின் குடும்பம் அது) மங்கோலியத்துக்குப் போனதா, இரண்டுக்கும் பொதுவான சொத்தா என்பது மொழியியலாரிடையே நெடுநாளாக நடக்கும் வழக்கு. பெயரின் கதைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே உலைக்களத்தின் சூட்டில் குளிர் காய்ந்தவர்கள் என்பது போதும்.

உலைக்களம் என்று உவமைக்காகச் சொல்லவில்லை. துருக்கியர் என்ற பெயரோடு வரலாற்றில் முதலில் தலைகாட்டும் கூட்டம் அல்தாய் மலையடிவாரத்தில் ரூரான் என்ற நாடோடிப் பேரரசுக்கு இரும்பு அடித்துக் கொடுத்த கூட்டம். சீன அரச வரலாறுகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. அதன் தலைவர் பூமின் ரூரான் அரசரின் மகளைப் பெண் கேட்டார். ‘நீ என் கொல்லுலை அடிமை. இப்படிக் கேட்க உனக்கு என்ன துணிச்சல்?’ என்ற பொருளில் பதில் வந்தது. 552இல் அந்தக் ‘கொல்லுலை அடிமை’ ரூரான் அரசைத் தகர்த்துப் புல்வெளியின் பேரரசரானார். சில ஆண்டுகள் கழித்து, 568-69 வாக்கில், பைசாந்தியத் தூதர் செமார்க்கோஸ் அங்கே போனபோது, எல்லையிலேயே சில துருக்கியர் எதிர்ப்பட்டு, விற்பதற்கு இரும்பை நீட்டினார்களாம். எங்கள் மண்ணில் இரும்பு விளைகிறது, பார்த்துக்கொள் என்று காட்டவே அப்படிச் செய்தார்கள் என்று அந்தத் தூதைப் பற்றி எழுதிய கிரேக்க ஆசிரியர் கருதுகிறார். பொன்னையோ பட்டையோ காட்டியிருந்தால் பைசாந்தியர் அசந்திருக்கமாட்டார்கள்.

இரும்பு அந்த மக்களுக்கு வெறும் உலோகம் அல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டில் காஷ்கர் பகுதியைச் சேர்ந்த மஹ்மூத் என்ற அறிஞர் பாக்தாதில் இருந்துகொண்டு துருக்கி மொழிகளுக்கு ஓர் அகராதி எழுதினார். சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு நிற்காமல் பழமொழி, பாட்டு, ஊர்வழக்கம் எல்லாவற்றையும் அதில் அள்ளிப் போட்டார். ‘தெமூர்’ என்ற சொல்லுக்கு அவர் தரும் பழமொழி: நீல இரும்பு சும்மா இருக்காது. பட்டது எதையும் அது வெட்டிவிடும் என்று கருத்து. அதோடு ஒரு வழக்கத்தையும் சொல்கிறார். கிர்கிஸ், யாபாகு, கிப்சாக் போன்ற இனத்தார் சத்தியம் செய்யும்போது உறையிலிருந்து வாளை உருவித் தங்கள் முன்னே குறுக்காக வைப்பார்கள். பிறகு, ‘இது நீலமாய்ப் புகட்டும், சிவப்பாய் வரட்டும்’ என்பார்கள். சொன்ன சொல் தவறினால் இந்த இரும்பு என் உடலுக்குள் தன் நிறத்தில் நுழைந்து என் நிறத்தில் வெளியே வரட்டும் என்பது அதன் பொருள். ஏனென்றால், இரும்பை அவர்கள் பெரிதாக மதிக்கிறார்கள் என்று மஹ்மூத் முடிக்கிறார்.

சத்தியத்துக்குச் சாட்சியாக நிற்கும் ஒரு பொருளின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில் வியப்பு என்ன?

வானத்திலும் அது இருக்கிறது. கசக் மொழியில் துருவ நட்சத்திரம் ‘தெமிர்கசிக்’, அதாவது இரும்பு முளை. குதிரை கட்ட நிலத்தில் அடிப்பார்களே, அந்த முளை. அதைச் சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள் அதில் கட்டிய இரண்டு குதிரைகள். ஒன்று வெண்குதிரை, மற்றது சாம்பல்நீலக் குதிரை. நாம் சப்தரிஷி மண்டலம் என்று கைகூப்பும் ஏழு மீன்களும் அங்கே ஏழு திருடர்கள். குதிரைகளைக் களவாட இரவெல்லாம் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். முளை அசையாததால் களவு நடப்பதில்லை. ஆட்டு மந்தையோடு இரவில் திசை பார்த்து நடந்தவர்களுக்கு உலகத்திலேயே நகராத ஒரே பொருள் அந்த மீன். அதற்கு வைக்கப் பொருத்தமாக அவர்களுக்குத் தோன்றிய பெயர் இரும்பு.

இந்தச் சொல் மிகப் பழைய துருக்கிக் கல்வெட்டுகளிலும் ஓர் இடப்பெயராக வருகிறது. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 8ஆம் நூற்றாண்டில் நாட்டப்பட்ட கற்களில், எங்கள் படைகள் மேற்கே ‘தெமிர் கபிக்’ வரை சென்றன என்று இருக்கிறது. இரும்பு வாயில் என்று பொருள். அது இன்றைய உஸ்பெகிஸ்தானின் தெற்கில் உள்ள ஒரு குறுகிய மலைக் கணவாய். 7ஆம் நூற்றாண்டில் அவ்வழியே இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இரும்பு பூட்டிய கதவுகளையும் அவற்றில் தொங்கிய மணிகளையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். கிளாவிஹோவும் சமர்கண்ட் போகும்போது அதன் வழியாகத்தான் போனார். அவர் காலத்தில் கதவுகள் இல்லை. அந்தக் கணவாய்க்கு வடக்கே இருக்கிற ஊர் கேஷ், இன்றைய ஷஹ்ரிசப்ஸ். அங்கேதான் 1336இல், துருக்கி மொழி பேசிப் பழகிவிட்ட பர்லாஸ் என்ற மங்கோலியக் குலத்தில், தரகாய் என்பவரின் மகனாகத் திமூர் பிறந்தார்.

அவர்தான் அந்தப் பெயரின் முதல் ஆள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவருக்கு முன்பே புல்வெளியில் தடுக்கி விழுந்தால் ஒரு திமூர் மேல்தான் விழவேண்டும். செங்கிஸ் கானின் இளமைப் பெயர் தெமுஜின். அவர் தம்பி தெமுகே, தங்கை தெமுலுன். மூன்றிலும் அதே இரும்பு ஒலிக்கிறது. தந்தை அப்போதுதான் சிறைபிடித்து வந்திருந்த தெமுஜின் ஊகே என்ற தாதார் எதிரியின் பெயரையே மகனுக்கு வைத்தார் என்று மங்கோலியரின் பழைய அரச வரலாறு சொல்கிறது. ஆனால் கொல்லன் என்ற பொருள் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியாவுக்குப் போன பாதிரியார் ருப்ருக், செங்கிஸ் கான் ஒரு கொல்லர் என்றே எழுதிவிட்டார். சீனர்கள் இப்பெயர்களைத் தங்கள் எழுத்தில் பெயர்த்தபோது, ஒலிக்காகத் தேர்ந்த முதல் எழுத்து ‘தியெ’. சீனத்தில் அதற்கும் இரும்பு என்றே பொருள். ஒலியும் பொருளும் ஒரே எழுத்தில் கூடி வந்தது எழுத்தர்களின் கெட்டிக்காரத்தனம்.

குப்ளாய் கானுக்குப் பிறகு 1294இல் பட்டத்துக்கு வந்த பேரன் பெயர் தெமூர். அந்த மரபின் கடைசிச் சீனப் பேரரசர் தொகோன் தெமூர். பெயருக்கு ‘இரும்புப் பானை’ என்று பொருள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். நாடோடிக் கூடாரத்தில் இரும்புப் பானை எவ்வளவு பெரிய சொத்து என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கும். குத்லுக் தெமூர் என்றால் பேறுபெற்ற இரும்பு. எசென் தெமூர், நலமுள்ள இரும்பு. அடிமைப் போர்வீரர்களாக எகிப்துக்கு விற்கப்பட்டு அங்கேயே ஆட்சியைப் பிடித்த மம்லுக்குகளிடையே அய்தமூர் என்ற பெயர் வழங்கியது. நிலவும் இரும்பும் சேர்ந்த பெயர் அது.

அரசர்கள் வீட்டில் இது வீரத்தின் பெயர். எளிய வீடுகளில் இதற்கு வேறொரு வேலையும் இருந்தது. எனக்கு அதுதான் மனதைத் தொடுகிறது. பிறந்த குழந்தைகள் தங்காமல் போகும் குடும்பங்களில், அடுத்துப் பிறப்பதாவது நிலைக்கட்டும் என்று வைக்கிற பெயர்கள் மத்திய ஆசியாவில் ஏராளம். துர்சுன் என்றால் இருக்கட்டும். தோக்தார் என்றால் நிற்பான். உல்மஸ் என்றால் சாகாதவன். அந்த வரிசையில் தெமிரும் புலாதும் வருகின்றன. புலாத் என்பது எஃகு, பாரசீகத்திலிருந்து வந்த சொல். போதாது என்று தோன்றினால் கல்லையும் சேர்த்து தாஷ்தெமிர் என்று வைத்துவிடுவார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்க நம் வீடுகளில் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்த தாய்மார்களின் அச்சம்தான் அங்கேயும். இவர்கள் பிள்ளையை மதிப்பில்லாததாகக் காட்டி ஒளித்தார்கள். அவர்கள் உடைக்க முடியாததாகக் காட்டினார்கள்.

இஸ்லாம் வேரூன்றிய பிறகு, பொருள் தெரிந்த இந்தப் பெயருக்கு அரபு மொழியிலும் ஒரு வேர் தேடவேண்டிய நிலை வந்தது. திமூரே தம் வாழ்க்கையைச் சொல்வதாக உள்ள ஒரு பாரசீக நூலில் இந்தக் கதை வருகிறது. தந்தை தரகாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷேக் ஷம்சுத்தீன் என்ற பெரியவரிடம் போகிறார். அவர் அப்போது குர்ஆனின் 67ஆம் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருக்கிறார். வானத்தில் இருப்பவன் பூமிக்குள் உங்களைப் புதையச் செய்துவிடமாட்டான் என்று அச்சமற்று இருக்கிறீர்களா, அப்போது அது அதிருமே என்ற வசனம். ‘அதிரும்’ என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல் ‘தமூர்’. ஷேக் ஓதுவதை நிறுத்திவிட்டு, உன் மகனுக்குத் திமூர் என்று பெயர் வைத்தாயிற்று என்கிறார்.

அழகான கதை. பூமியை அதிரவைக்கப் போகிறவனுக்கு வேதத்திலிருந்தே பெயர்! ஆனால் இந்த நூல் வெளிச்சத்துக்கு வந்தது திமூர் இறந்து 200 ஆண்டுகளுக்கும் பிறகு, ஷாஜகானின் அவையில். யேமனில் கிடைத்த துருக்கி மூலத்திலிருந்து பெயர்த்தேன் என்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மூலத்தை வேறு யாரும் கண்டதில்லை. தன்னை இரண்டாம் திமூராகவே கருதிக்கொண்டவர் ஷாஜகான். திமூருக்கு உரிய ‘சாஹிப் கிரான்’, அதாவது சுபக் கிரகச் சேர்க்கையில் பிறந்தவர், என்ற பட்டத்தோடு ‘இரண்டாம்’ என்று சேர்த்துத் தனக்குச் சூட்டிக்கொண்டார். அப்படிப்பட்டவருடைய அவைக்கு இத்தகைய கதை எவ்வளவு இனித்திருக்கும்! திமூரின் நாளில் அவருடைய மொழி பேசிய எவருக்கும் தெமூர் என்றால் இரும்பு என்று தெரியும், வசனம் தேவைப்பட்டிருக்காது. மொழி மறந்த சந்ததிக்குத்தான் சொல்லுக்கு வேறு வேர் வேண்டியிருக்கிறது.

அவர் தம்மை என்னவென்று எழுதினார்? அதற்குக் கல்லே சாட்சி. 1391இல், வடக்குப் புல்வெளியை ஆண்ட தோக்தமிஷ் கானை எதிர்த்து வடக்கே படையெடுத்துப் போகும் வழியில், இன்றைய கசகஸ்தானின் உலிதாவ் மலைப் பகுதியில், ஒரு கல்லில் செய்தி பொறிக்கச் செய்தார். மேலே சில வரிகள் அரபு எழுத்தில். கீழே உய்குர் எழுத்தில் துருக்கி மொழி. அதில் அவர் ‘தூரானின் சுல்தான் தெமூர் பெக்’. தூரான் என்பது மத்திய ஆசியாவின் பழைய பெயர். 1930களில் நிலவியலாளர் கனிஷ் சத்பாயெவ் அதைக் கண்டெடுத்தார். இப்போது சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிதாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளாவிஹோ காதால் கேட்டு எழுதிய ‘தமுர்பெக்’ இதேதான். ஒரு நூற்றாண்டு கழித்துத் தம் நினைவுக் குறிப்புகளை எழுதிய பாபரும் தம் மூதாதையை ‘தெமூர் பெக்’ என்றே குறிப்பிடுகிறார்.

கான் என்று அவர் போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். புல்வெளி மரபுப்படி, செங்கிஸ் கானின் ஆண்வழி வாரிசுகளுக்கு மட்டுமே அந்தப் பட்டம். ஆகவே, செங்கிஸ் வழிவந்த ஒருவரைப் பெயரளவுக்குக் கானாக உட்காரவைத்துவிட்டு, தாம் அமீர் என்ற பட்டத்தோடு ஆண்டார். 1370இல் செங்கிஸ் குலத்து இளவரசி சராய் முல்க் கானும்மைத் திருமணம் செய்துகொண்ட பிறகு ‘குரேகென்’ என்ற பட்டமும் சேர்ந்தது. அதற்கு மருமகன் என்று பொருள். அரச வீட்டு மாப்பிள்ளை. பாதி ஆசியாவை நடுங்கவைத்தவர் நாணயத்தில் மாப்பிள்ளை என்று அச்சடித்துக்கொண்டார்! அவர் வழிவந்த பாபரின் வம்சத்தை நாம் முகலாயர் என்கிறோம். பாரசீகத்தில் அவர்கள் ‘குர்கானி’, மாப்பிள்ளை வம்சத்தார்.

இனி எழுத்து வேற்றுமை. துருக்கிச் சொல்லின் முதல் உயிர் எ. அரபு எழுத்தில் குறில் எகரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. பாரசீக எழுத்தர்கள் அங்கே ‘யே’ என்ற எழுத்தைப் போட்டார்கள். அந்த ஒரே எழுத்தை ஈ என்றும் ஏ என்றும் ஐ என்றும் படிக்கலாம். ஈரானில் தெய்மூர் என்று படித்தார்கள். இந்தியாவில் தைமூர் என்று நிலைத்தது. உருது வழியாகப் பாடப்புத்தகத்துக்கு வந்து தமிழிலும் அதுவே ஆயிற்று. ருஷ்யர்கள் திமூர் என்று எழுதினார்கள். சோவியத் காலத்தில் பிறப்புச் சான்றிதழ்கள் ருஷ்ய மொழியில் வந்ததால் கசகஸ்தானிலும் அந்த வடிவம் பரவிற்று. இன்று அங்கே திமூர் என்பது பையனின் பெயர். தெமிர் என்பது இரும்பின் பெயர், பையனின் பெயராகவும் இருக்கலாம். உஸ்பெக் மொழியிலும் தெமிர் உலோகம், தெமூர் மனிதன்.

ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு கொண்டாடக் கூடாத பெயர்களும் உண்டு. ஜார்ஜிய அரசர்கள் சூடிய தெய்முராஸ் என்ற பெயர் பாரசீகப் புராண அரசன் தஹ்முரஸின் பெயர், இரும்போடு தொடர்பில்லை. மலாய் மொழியில் ‘திமூர்’ என்றால் கிழக்கு. மலேசியத் தமிழர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிழக்குத் திமோர் என்ற நாட்டின் பெயருக்குள் கிழக்கு இரண்டு முறை இருக்கிறது என்பது அதனால்தான்.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயருக்கு எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்தது. சோவியத் பள்ளி நூல்களில் திமூர் கொடுங்கோலன். ஆனால் 1940இல் சிறுவர் எழுத்தாளர் அர்க்காதி கைதார் ‘திமூரும் அவன் குழுவும்’ என்ற கதையை வெளியிட்டார். படைக்குப் போனவர்களின் வீடுகளுக்கு யாருக்கும் தெரியாமல் உதவி செய்யும் சிறுவர் கூட்டம். தலைவன் பெயர் திமூர். எழுத்தாளர் தம் மகனின் பெயரைத்தான் கதாநாயகனுக்கு வைத்திருந்தார். அடுத்த ஆண்டு போர் மூண்டது. கதையில் வந்தது தெருவுக்கு வந்தது: தண்ணீர் சுமந்து கொடுக்கவும் விறகு வெட்டிப் போடவும் நாடெங்கும் ‘திமூர்காரர்கள்’ என்று சிறுவர் குழுக்கள் கிளம்பின. துருக்கி இனத்தோடு எந்த ஒட்டுறவும் இல்லாத ருஷ்ய வீடுகளில்கூடத் திமூர்கள் பிறந்தார்கள். தில்லியில் மண்டையோடுகளைக் குவித்தவரின் பெயர், பாட்டிமார்களுக்குத் தண்ணீர் தூக்கும் நல்ல பிள்ளையின் பெயராயிற்று. பெயர்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று சில நேரம் தோன்றுகிறது.

இந்தியாவில் அப்படி இல்லை. 2016 டிசம்பரில் மும்பைத் திரையுலக இணையர் ஒருவர் தங்கள் மகனுக்கு இப்பெயரை வைத்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கலாம். இங்கே தைமூர் என்றால் 1398. தாஷ்கண்டில் அதே சொல்லுக்கு வேறு காட்சி. அந்த நகரின் நடுவில் ஒரு சதுக்கம் உண்டு. ஜார் காலத்தில் அங்கே ருஷ்யத் தளபதி காவுஃப்மனின் சிலை நின்றது. பிறகு ஸ்டாலின் வந்தார். அவரை எடுத்துவிட்டு 1968இல் கார்ல் மார்க்ஸின் தலையை வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு, 1993இல், குதிரைமேல் அமர்ந்த அமீர் தெமூர் அந்த இடத்துக்கு வந்தார். ஸ்டாலின் என்பது ருஷ்ய மொழியில் எஃகு என்ற சொல்லிலிருந்து ஆக்கிக்கொண்ட பெயர் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்த செய்தி. எஃகு நின்ற இடத்தில் இரும்பு.

கிளாவிஹோ சொன்ன மற்றப் பாதிக்கு வருவோம். பாரசீகத்தில் ‘லங்’ என்றால் முடவன். திமூர்-இ-லங் என்பது முடவன் திமூர். துருக்கியில் அக்சக் தெமூர். இளமையில் ஆடு திருடப் போய் அம்பு பட்டது என்று எதிரிகள் கதை கட்டினார்கள். டமாஸ்கஸிலிருந்து சிறுவனாகச் சமர்கண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இப்னு அரப்ஷா, ஆறாத வெறுப்போடு பின்னாளில் எழுதிய வரலாற்றில் இந்த ஆட்டுக் கதை வருகிறது. 1360களில் சிஸ்தான் பகுதியில் கூலிப்படைத் தலைவராகப் போரிட்டபோது பட்ட காயம் என்பதே வரலாற்றாசிரியர்கள் பெரிதும் ஏற்பது. ஊனம் மட்டும் கட்டுக்கதை அல்ல. 1941 ஜூன் மாதம் சோவியத் மானிடவியலாளர் மிகாயில் கெராசிமோவ் குழுவினர் சமர்கண்டின் கூர்-இ-அமீர் கல்லறையைத் திறந்தபோது, அந்த எலும்புக்கூட்டின் வலது முழங்கால் சில்லு தொடை எலும்போடு ஒட்டிப்போயிருந்தது. வலது முழங்கையும் இறுகியிருந்தது. அதே மாதம் 22ஆம் தேதி ஜெர்மனி படையெடுக்கவே, கல்லறைச் சாபம் என்ற கதை கிளம்பி இன்றும் ஓய்ந்தபாடில்லை. எலும்பு சொல்லும் கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: மடங்காத கையோடும் ஊன்றாத காலோடும் ஒரு மனிதர் 35 ஆண்டுகள் குதிரைமேல் இருந்திருக்கிறார்.

அந்த வசைச்சொல் மேற்கே போய் நாடக மேடை ஏறியது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில நாடக ஆசிரியர் மார்லோ தம் நாடகத்தில் அவரை டாம்பர்லேன் ஆக்கினார். 1724இல் இசையமைப்பாளர் ஹாண்டல் அவரைப் பற்றி இசைநாடகம் எழுதினார். வசை என்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை. அதிசயம் என்னவென்றால், சொந்த மண்ணிலும் அப்படித்தான் ஆயிற்று. கசகஸ்தானிலும் கிர்கிஸ்தானிலும் தெமிர்லான் என்று பையன்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். காகசஸ் மலைநாட்டில் செச்சேனியரிடமும் ஒசேத்தியரிடமும் தமெர்லான். சொல்லைப் பிரித்தால் ‘முடவன் திமூர்’ என்றுதான் வரும். எந்தத் தாயாவது அதை நினைத்துக்கொண்டா தொட்டிலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்?

நினைப்பதில்லை. கடைசியில் நிற்கும் ‘லான்’ என்பதற்கு வேறு பொருள் பிறந்துவிட்டது. துருக்கி மொழிகளில் சிங்கத்துக்கு ‘அர்ஸ்லான்’ என்று பெயர். ருஸ்லான், அர்ஸ்லான் என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வால் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. பெயர் அகராதிகளே தெமிர்லானுக்கு ‘இரும்புச் சிங்கம்’ என்று பொருள் போடுகின்றன. சொல்லாராய்ச்சி இதை ஏற்காது. ஷாஜகான் அவையின் வசனக் கதையைப் போலவே இதுவும் பின்னால் வந்த விளக்கம். ஆனால் அது அவைக்கு வேண்டியதாக இருந்தது; இது தொட்டிலுக்கு வேண்டியது. அல்மாத்தியில் ஒரு தெமிர்லானிடம் உன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், பெரும்பாலும் சிங்கத்தைத்தான் சொல்வான்.